ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் உருளும் அலமாரி

எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. கை நுழையும், ஆனால் எதையும் உருப்படியாக வைக்க முடியாது. அதற்குள் சக்கரம் வைத்த ஒல்லி அலமாரி ஒன்றைச் செய்து தள்ளியிருக்கிறேன். இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போய்விடும். சக்கரத்தை மட்டும் மூன்று முறை கழற்றி மாட்டினேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

அளவு

இடைவெளியை ஒரே இடத்தில் அளந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சுவர் நேராக இருக்கிறது என்பது நம் நம்பிக்கை மட்டுமே. எனக்கு மேலே 19.2, நடுவில் 18.8, தரையோரம் சுவரில் ஒட்டிய டைல்ஸால் 18 செ.மீ. என்று வந்தது. இருப்பதில் சிறியதை எடுத்து, பக்கத்துக்கு 1 செ.மீ. கழித்தேன். ஆக அலமாரியின் மொத்த அகலம் 16 செ.மீ.

உயரத்தில் சக்கரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 5 செ.மீ. சக்கரம் என்று வாங்கினாலும், அதன் மேலுள்ள தகட்டோடு சேர்த்து என்னுடையது 7 செ.மீ. நின்றது. அதனால் சக்கரத்தை வாங்கி கையில் வைத்துக்கொண்டு அளந்த பிறகே பலகையை அறுக்கக் கொடுங்கள்.

பலகை

18 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். சமையலறையில் ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும், விளிம்பில் ஸ்க்ரூவும் பிடிக்காது.

பக்கத்தை மூட 6 மி.மீ. பிளைவுட் ஒட்டப்போகிறோம். எனவே மற்ற எல்லாத் துண்டுகளும் ஒரே அகலம்: 15.4 செ.மீ. எட்டடிப் பலகையில் அந்த அகலத்துக்கு இரண்டு பட்டை அறுத்து வாங்கினால் போதும். நீளவாக்கில் கையால் அறுக்கும் வீரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையிலேயே மிஷினில் அறுத்துவிடட்டும்.

என் அலமாரி 85 செ.மீ. உயரம், 58 செ.மீ. ஆழம். துண்டுகள் இவை:

- அடிப்பலகை 2: 58 செ.மீ.
- முன், பின் நிற்பவை 2: 74.4 செ.மீ.
- தட்டு 3: 54.4 செ.மீ.
- பக்கத்தை மூடும் 6 மி.மீ. பிளைவுட் 1: 58 × 78 செ.மீ.

அறுக்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் இரண்டு மூன்று மி.மீ. தின்னும். எல்லாக் கோட்டையும் முதலிலேயே போட்டுவிட்டு அறுத்தால் துண்டுகள் குட்டையாகிவிடும்.

பூட்டுவது

அடிப்பலகை இரண்டில் மேலே வரப்போவதை முதலில் நிற்பவற்றோடு, கீழிருந்து 50 மி.மீ. ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். பிளைவுட்டின் விளிம்பில் 3 மி.மீ. துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றினால் அடுக்கு பிளந்துவிடும். இரண்டாவது அடிப்பலகையை அதன் கீழே மரப்பசை தடவி, 30 மி.மீ. ஸ்க்ரூவால் பிடியுங்கள். அடி ஏன் இரட்டை என்பது சக்கரம் மாட்டும்போது புரியும். தட்டுகளின் உயரம் உங்கள் பாட்டில்களைப் பொறுத்தது. உயரமான பாட்டிலுக்கு மேல் 3 செ.மீ. விடுங்கள்.

பக்கத்துப் பிளைவுட்டை ஒட்டும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால்தான் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். மூடும் பக்கம் சுவர்ப் பக்கமாகவும், திறந்த பக்கம் ஃபிரிட்ஜ் பக்கமாகவும் இருக்கட்டும். திறந்த பக்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் 5 செ.மீ. மேலே ஒரு மெல்லிய உருட்டுக்கட்டை. இது இல்லையென்றால் முதல் இழுப்பிலேயே பாட்டில் தரைக்கு வந்துவிடும்.

சக்கரம்

முதலில் நாலு பக்கமும் திரும்பும் சக்கரமாகப் போட்டேன். எல்லாத் திசையிலும் போகுமே என்ற ஆசை. திரும்பும் சக்கரத்தில், தரையைத் தொடும் இடம் அது திரும்பும் அச்சுக்கு நேர் கீழே இருக்காது. கொஞ்சம் தள்ளி இழுபட்டுக்கொண்டு வரும். தள்ளிய அலமாரியை இழுக்க ஆரம்பித்தால் சக்கரம் அரை வட்டம் சுற்றித் திரும்பியாக வேண்டும். அந்தச் சுற்றலில் அலமாரி பக்கவாட்டில் ஒரு உதை வாங்கும். வெட்டவெளியில் இது தெரியாது. 1 செ.மீ. இடைவெளிச் சந்தில் ஒவ்வொரு முறையும் ஃபிரிட்ஜில் இடிக்கும். கீறல் இன்னும் இருக்கிறது.

பின்னால் இரண்டு திரும்பாத சக்கரம், முன்னால் இரண்டு திரும்புவது என்று மாற்றினேன். முன்பக்கம் மட்டும் தலையாட்டியது. கடைசியில் நாலும் திரும்பாத சக்கரம். வேலை முடிந்தது என்று நினைத்தால், ஒரு சக்கரம் இம்மியளவு கோணலாக இருந்ததில் அலமாரி சுவரை நோக்கியே ஓடியது.

கோணல் வராமலிருக்க: அலமாரியைப் படுக்கவைத்து, அடியில் ஒரே விளிம்பிலிருந்து அளந்து இரண்டு கோடு போடுங்கள். முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே, பக்கவாட்டில் எவ்வளவு ஓரத்தில் முடியுமோ அவ்வளவு ஓரத்தில் சக்கரம். 6 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீள போல்ட்டு, தலை மேலே, நட்டு கீழே. இரட்டை அடி இல்லாமல் 18 மி.மீ.யில் வெறும் ஸ்க்ரூவை நம்பினால் நாளடைவில் பிய்த்துக்கொள்ளும். நட்டை அரைகுறையாக இறுக்கி, ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களோடும் ஒட்டினாற்போல் நேரான கம்பியைச் சாய்த்துப் பாருங்கள். சக்கரத் தட்டின் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் தட்டிச் சரிசெய்ய இடமிருக்கும். நேரானதும் இறுக்குங்கள்.

சுமையை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். தரை சமமில்லாத இடத்தில் ஒரு சக்கரம் எப்போதும் சும்மா தொங்கும். நிறைத்த அலமாரி 40 கிலோ என்றால், ஒவ்வொன்றும் 15 கிலோ தாங்கட்டும். கடின பிளாஸ்டிக்கைவிட பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) சக்கரம் சத்தமில்லாமல் போகும். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: முழுக்க வெளியே இழுத்தால் சாயாதா? சாயும். 16 செ.மீ. அகலத்துக்கு 85 செ.மீ. உயரம் என்றால் சும்மாவா? கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பின்பக்கத்திலிருந்து சுவருக்கு ஒரு சங்கிலி கட்டி, முழுதாக வெளிவராதபடி நிறுத்துங்கள்.

இன்னொருவர் வீட்டில் தரைச் சரிவால் அலமாரி தானாக வெளியே வந்து நின்றதாம். பின்சுவரில் ஒரு காந்தப் பூட்டு வைத்ததும் சரியாகிவிட்டது.

மூன்றாவது, நான் எழுத மறந்தது. பல ஃபிரிட்ஜ்களில் வெப்பம் பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் வெளியேறும். எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அகலத்தை முடிவுசெய்யுங்கள், தேவைப்பட்டால் 15.4 என்ற என் கணக்கை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.