அக்கரையிலிருந்து ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க

"டீச்சர், நம்ம பக்கத்துல ஒரு பிள்ளைய படிக்க வைக்கணும், பணத்த எப்படி அனுப்புறது?" துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இப்படி வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்; இப்போது ஒரு சின்ன டிரஸ்ட்டுக்குக் கணக்கெழுதுகிறேன். கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது: உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுது?

இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. டிரஸ்ட்டின் சாதாரணக் கணக்கிலேயே போடலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் கீழக்கரையில் பிறந்தவரே ஆனாலும், கையில் இந்திய வம்சாவளிக்காரருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்துகிற எஃப்சிஆர்ஏ சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர்தான். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புக்கு மட்டுமே அவர் கொடுக்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். யாராவது உள்ளூர்க் கிளைக் கணக்கு நம்பரைக் கொடுத்து "இதுல போட்டுருங்க அண்ணே" என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கித் தேதியையும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது.

பெரிய உலக அமைப்புகள் வழியாகக் கொடுத்தால், போட்டோவில் இருக்கிற பிள்ளையின் கைக்குப் பணம் போகும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஊருக்கான திட்டத்தில்தான் சேரும். எனக்கு அதில் சம்மதமே. ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுப் பை வந்தால் மற்றதுகள் என்ன பாடுபடுத்தும் என்று வகுப்பில் பார்த்தவள். ஆனால் அந்த அமைப்பிடம் ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் மூட வேண்டி வந்தால் பிள்ளைகள் கதி என்ன? கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு 2017-இல் இந்தியாவை விட்டுப் போனபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவி நின்றது.

பணம் வருகிற மாதம் முக்கியம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும்; அதில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அரசு நிவாரணத்தை விட்டால் வேறு வரும்படி இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். அம்மாக்களின் தோடு அடகுக்கடைக்குப் போகிற நேரம் அது. என் நோட்டில் மே மாதப் பக்கத்தைப் பிரித்தால் ஷூ, ஜியாமெட்ரி பாக்ஸ், ஹாஸ்டல் முன்பணம், போன வருஷ வேன் பாக்கி என்று வரிசையாக இருக்கும். மாதா மாதம் ஆயிரம் அனுப்புவதைவிட, பாதியையாவது மே மாதத்தில் மொத்தமாக அனுப்புங்கள்.

அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம்; எட்டாம் வகுப்பு வரை சீருடையும், பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் இலவசம். அதற்கென்று யாராவது காசு கேட்டால் சந்தேகப்படுங்கள். தகப்பனை இழந்த பிள்ளை என்றால், வருமான வரம்புக்குள் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு மனுப் போடலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அதைப் போட்டாச்சா என்று முதலில் விசாரியுங்கள்.

கடிதம் எழுதுங்கள். "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறேன்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். "அம்மா கடல்பாசி எடுக்கப் போறப்ப கைக்கு என்ன கட்டுவாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பையன் இரண்டு பக்கம் எழுதிவிட்டான்: விரல் விரலாகத் துணி சுற்றுவது, பாறை கிழிக்காமல் இருக்க ரப்பர் செருப்போடு இறங்குவது, கண்ணாடி மாட்டி மூழ்குவது, கரையேறியதும் அம்மா கேட்கிற முதல் வார்த்தை "டீ". எழுத்துப்பிழையை நான் திருத்தவில்லை.

பிள்ளையின் போன் நம்பரைக் கேட்காதீர்கள். படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அடுத்த தெருக்காரரின் போனிலும் அது வரும். "உன்ன அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று விளையாட்டுக்குக்கூட எழுதாதீர்கள். அப்படி வருகிற வரிகளை நான் அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

வேலை போய்விட்டது, தொடர முடியவில்லை என்றால் சங்கடப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். டிசம்பருக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மே வருவதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிடுவோம்.