இடியப்பத்துக்கு எந்தத் துதி? யூதர்களின் சாப்பாட்டுத் துதிகள், நம் ஊர்த் தட்டை வைத்து

யூதர்கள் எதையும் வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு வரித் துதி சொல்வார்கள், ஒரு மிடறு பிளேன்டீயாக இருந்தாலும் சரி. அதற்குப் பெராக்கா என்று பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்றால் பிரச்சினையே இல்லை, ஆனால் ஆறு வரிகள் இருக்கின்றன, எதற்கு எது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுவது. கிடைக்கிற பட்டியல்களில் பிஸ்கட், அப்பிள் எல்லாம் இருக்கும், இடியப்பத்தையும் கச்சானையும் தேடினால் கண் வலிக்கும். வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் வீட்டு அறையை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், வழிகாட்டி வேலை செய்கிறவர்களுக்கும், வேதாகமம் படித்துவிட்டு 'துதி செய்து அப்பத்தைப் பிட்டார் என்கிறார்களே, அது என்ன துதி' என்று யோசித்தவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24ஆம் சங்கீதம் பூமியும் அதிலுள்ள எல்லாமும் கடவுளுடையது என்கிறது, 115ஆம் சங்கீதமோ பூமியை மனிதருக்குக் கொடுத்துவிட்டார் என்கிறது. எது சரி? இரண்டும் சரி, முதலாவது துதி சொல்வதற்கு முன்னால், இரண்டாவது சொன்ன பிறகு என்று யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் தீர்த்துவைக்கிறது. துதி இல்லாமல் சாப்பிடுகிறவன் ஆலயத்துச் சொத்தில் கைவைத்தவன் மாதிரி என்றும் அதே இடத்தில் வருகிறது. அதனால்தான் இதில் இவ்வளவு கறார்.

எல்லாத் துதிக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பாரூக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம். 'எங்கள் கடவுளே, உலகத்தின் அரசரே, நீர் போற்றப்படுவீராக' என்ற அளவில் பொருள். பாணுக்கு இதோடு 'ஹாமோட்சி லெகெம் மின் ஹாஆரெட்ஸ்' சேரும். தானியப் பண்டங்களுக்கு 'போரே மினே மெசோனோத்', திராட்சை ரசத்துக்கு 'போரே பெரி ஹாகாஃபென்', மரத்துப் பழத்துக்கு 'போரே பெரி ஹாஎட்ஸ்', நிலத்தில் விளைந்ததற்கு 'போரே பெரி ஹாஆதாமா', மிச்சம் எல்லாவற்றுக்கும் 'ஷெஹாக்கோல் நிஹ்யா பித்வாரோ'. சும்மா பழகிப் பார்க்கும்போது கடவுளின் பெயர் வருகிற இடத்தில் 'ஹாஷெம்' (அந்தப் பெயர்) என்று சொல்லிக்கொள்ளுங்கள், வீணாக அந்தப் பெயரை உச்சரிப்பது அவர்களுக்குப் பெரிய தப்பு.

இனி தட்டுக்கு வருவோம். கேட்க வேண்டியவை இரண்டு: இது எங்கே விளைந்தது, அதன் பிறகு மனிதக் கை இதை என்ன செய்தது?

பாண்தான் இருப்பதிலேயே பெரிய ஆள். பாணுக்குத் துதி சொல்லிவிட்டால் அதோடு வருகிற பருப்பு, முட்டை, மரக்கறி எதற்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லை (திராட்சை ரசமும் கடைசியில் வரும் பழமும் இதில் சேராது). ஆனால் அதற்கு முன் கை கழுவும் சடங்கு இருக்கிறது. குழாயைத் திறந்து கையை நீட்டினால் செல்லாது, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வலது கையில் இரண்டு தடவை, இடது கையில் இரண்டு தடவை ஊற்ற வேண்டும், சிலர் மூன்று தடவை ஊற்றுவார்கள். விளிம்பு உடையாத, மூக்கு வைக்காத ஒரு பெரிய கோப்பை போதும், விருந்தினர் வருகிறார் என்றால் கை கழுவுகிற இடத்தில் ஒன்றை வைத்துவிடுங்கள், மேசையில் கொஞ்சம் உப்பும் இருக்கட்டும், பாணைத் தொட்டுச் சாப்பிட. கழுவிவிட்டு 'அல் நெத்திலாத் யாதாயிம்' என்ற துதியைச் சொல்லிக் கையைத் துடைத்ததிலிருந்து முதல் துண்டை விழுங்கும்வரை அவர் பேச மாட்டார். அந்த நேரம் பார்த்து நீங்கள் 'சேர், டீ போடட்டுமா?' என்று கேட்டால் 'ம்ம், ம்ம்' என்று கையைக் காட்டுவார், முகத்தைத் திருப்பினாலும் கோபம் என்று நினைக்காதீர்கள். பேக்கரிப் பணிஸில் இனிப்புத் தூக்கலாக இருந்தால் அது பாண் கணக்கில் வராது, மெசோனோத்தான். எவ்வளவு இனிப்பு என்பதில் செபார்திகளும் (ஸ்பெயின் வழி வந்த யூதர்கள்) அஷ்கெனாசிகளும் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்கள்) ஒத்துப்போவதில்லை.

சோற்றுக்கு மெசோனோத். இது பலருக்கு ஆச்சரியம், ஏனென்றால் அவர்களின் ஐந்து தானியங்களான கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை), ரை, ஓட்ஸ் என்ற வரிசையில் அரிசி இல்லை. வயிற்றை நிரப்புகிற உணவு என்பதால் அதற்கும் அந்தத் துதியைக் கொடுத்துவிட்டார்கள். அரிசிமா இடியப்பம், பிட்டு, பாற்சோறு எல்லாம் அதே வழிதான். கோதுமைமா இடியப்பத்துக்கும் முன்னால் சொல்வது மெசோனோத், சாப்பிட்ட பிறகு சொல்லும் துதிதான் மாறும், அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு வேறொன்று. சோறு இறங்குவதற்காகத்தான் கறி என்றால் கறிக்குத் தனித் துதி வேண்டாம். கொத்து ரொட்டியைக் கேட்காதீர்கள், சுட்ட ரொட்டியை வெட்டி முட்டையோடு மறுபடி கல்லில் போட்டுக் கொத்தினால் அது இன்னும் பாண்தானா என்பதைத் தெரிந்த ரபி (யூத மதகுரு) ஒருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பழங்களில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. மாம்பழம், றம்புட்டான், கொய்யா, கஜு, தேங்காய்ச் சொட்டு எல்லாம் ஹாஎட்ஸ். வாழைப்பழம்? ஹாஆதாமா. ஆள் உயரத்துக்கு மேலே நின்றாலும், குலை தள்ளியதும் அந்தத் தண்டின் கதை முடிந்தது, அடுத்த வருடம் அதே தண்டில் காய்க்காது, பக்கத்துக் குட்டிதான் வளர்ந்து காய்க்க வேண்டும், ஆகவே அது மரமல்ல. வீட்டுக் கோடியில் வாழை வைத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்னாசியும் ஹாஆதாமா. பப்பாசியில் பெரிய சர்ச்சையே உண்டு, நடைமுறையில் பலர் ஹாஆதாமா சொல்கிறார்கள். கச்சான், அவித்த கடலை, உருளைக்கிழங்கு மூன்றும் ஹாஆதாமா. காளான் மண்ணிலிருந்து சத்தை எடுப்பதில்லை என்று தல்மூத் சொல்வதால் ஷெஹாக்கோல். தோலை உரித்துவிட்டு, கொய்யா என்றால் புழு இருக்கிறதா என்று வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகு துதியைச் சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது.

குடிக்கிற எல்லாவற்றுக்கும் ஷெஹாக்கோல்: தேத்தண்ணி, கோப்பி, செவ்விளநீர், மாம்பழச் சாறு, பியர், சாராயம்கூட. திராட்சை மட்டும்தான் சாறானதும் தனித் துதி வாங்குகிறது. தண்ணீரில் ஒரு சுவாரசியம் இருக்கிறது, தாகத்துக்குக் குடித்தால்தான் துதி, மாத்திரை விழுங்கவோ தொண்டையில் சிக்கியதை இறக்கவோ குடித்தால் வேண்டாம்.

காலிமுகத்திடல் இறால் வடைக்கு எதுவுமே கிடையாது, இறால் அவர்களுக்கு விலக்கு, விலக்கப்பட்ட உணவுக்குத் துதி சொல்வதில்லை. துதி சொன்னால் உணவு கோஷராகிவிடும், அதாவது யூதச் சட்டப்படி சாப்பிடத்தக்கதாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை, கோஷர் வேறு கணக்கு.

தடுமாறிவிட்டால் என்ன செய்வது? எது என்று தெரியாமல் ஷெஹாக்கோல் சொல்லிவிட்டால் எதற்கும் செல்லும் என்று தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னாவே சொல்கிறது, ஆனால் அதைச் சாக்காக வைத்துப் படிக்காமல் இருக்கக் கூடாது. மாம்பழத்துக்கு ஹாஆதாமா சொன்னாலும் பரவாயில்லை, மரமும் மண்ணில்தானே நிற்கிறது, வாழைப்பழத்துக்கு ஹாஎட்ஸ் சொன்னால்தான் செல்லாது. துதியை மறந்து பண்டத்தை வாயில் போட்டுவிட்டால், வெளியே எடுத்தாலும் அருவருப்பாகாத பண்டம் என்றால் எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்லலாம். எபிரேயம் வராதவர் தமக்குப் புரிகிற மொழியில் சொன்னாலும் ஏற்கப்படும், பெஞ்சமின் என்ற ஒரு மேய்ப்பன் 'இந்த ரொட்டியின் சொந்தக்காரர் போற்றப்படுவாராக' என்று அரமேயத்தில் சொன்னதே போதும் என்று தல்மூத்தில் இருக்கிறது. யூதரல்லாத நாம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, முடியும்வரை பொறுத்திருந்தால் போதும், விரும்பினால் ஆமென் சொல்லலாம்.

பருவத்தில் மட்டும் கிடைக்கிற பழத்தை அந்தப் பருவத்தில் முதல் தடவை சாப்பிடும்போது 'ஷெஹெஹெயானு' என்ற இன்னொரு துதியும் உண்டு, இந்த நாள்வரை எங்களை வாழவைத்ததற்கு நன்றி என்று. றம்புட்டானுக்கும் கறுத்தக்கொழும்பானுக்கும் அது பொருந்தும், வருடம் முழுக்கத் தொங்குகிற வாழைக்குலைக்குப் பொருந்தாது.

முன்துதிக்கு அளவு கிடையாது, ஒரு பருக்கை என்றாலும் உண்டு. பின்துதிக்குத்தான் அளவு: சாப்பாடு என்றால் ஒரு ஒலிவக்காய் அளவு, குடிப்பது என்றால் பரவலாகச் சொல்லும் கணக்கில் 86 மில்லிலீற்றர், அதுவும் இழுத்தடிக்காமல் குடித்திருக்க வேண்டும். சூடான தேத்தண்ணியை யாரும் அப்படிக் குடிக்க முடியாது, ஊதி ஊதி உறிஞ்சுவதால் பலர் பின்துதி சொல்வதே இல்லை. இதில் கவனமாக இருக்கிற சிலர் கடைசிக் கொஞ்சத்தை ஆறவிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொல்வார்கள், ஆகவே விருந்தினர் கோப்பையில் பாதித் தேத்தண்ணி மிச்சம் கிடக்கிறது என்று அவசரப்பட்டு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.