சிக்னல் கம்பத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்

மாடல் ரயில் அமைப்பில் சீக்கிரம் பழுதாகிற பொருட்களில் சிக்னலும் ஒன்று. கம்பி முடியளவு, எல்இடி கடுகளவு. கை பட்டாலே கம்பம் வளையும். ஆனாலும் கழற்றவே முடியாதபடி பலகையோடு ஒட்டிவைப்பவர்கள்தான் அதிகம். ஒரு விளக்கு அணைந்தால் சுற்றியுள்ள புல்லையும் ஜல்லியையும் பெயர்க்க வேண்டிவரும். கழற்றி மாட்டும் பாகமாகவே அதைச் செய்யுங்கள்.

முதலில் இடம். இந்தியப் பாதையில் சிக்னல் பொதுவாக ஓட்டுநருக்கு இடப்புறம் இருக்கும். ஜெர்மன் கிட்டில் உள்ள படத்தைப் பார்த்து நட்டால் வலப்புறம் போய்விடும். மூன்று விளக்கு சிக்னலில் பச்சை மேலே, மஞ்சள் நடுவில், சிவப்பு அடியில். அடுத்த சிக்னலின் நிலையை முன்கூட்டியே சொல்லும் டிஸ்டன்ட் சிக்னலில் சிவப்பே கிடையாது. வெள்ளை வட்டத்தில் கறுப்பு 'பி' எழுத்து மாட்டிய கம்பத்தில் சிவப்பு எரிந்தால் ரயில்வே தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

வளைவில் இன்னொரு வம்பு இருக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி 1:87 அளவில் சுமார் 245 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம். 450 மி.மீ. ஆர வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமாக 8 மி.மீ. தள்ளும், முனைகள் வெளிப்பக்கமாக ஏறக்குறைய அதே அளவு தள்ளும். ஆக, பாதை மையத்திலிருந்து 27 மி.மீ. வரை பெட்டி வந்துபோகும். 30 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். அளக்க வேண்டியது கம்பத்திலிருந்து அல்ல, விளக்குப் பெட்டியின் விளிம்பிலிருந்து. இடிபடுவது அதுதான்.

கம்பத்துக்கு 2 மி.மீ. பித்தளைக் குழாய் போதும். உள்ளே செல்ல 0.15 மி.மீ. எனாமல் கம்பி, மோட்டார் வைண்டிங் கடைகளில் கிடைக்கும். குழாயையே பிளஸ் பொது இணைப்பாக வைத்தால் ஒரு கம்பி மிச்சம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வெட்டிய குழாயின் வாய் பிளேடு போல இருக்கும். கம்பியை இழுக்கும்போது எனாமல் உரிந்து குழாயில் படும். எல்இடியின் இரு முனையும் பிளஸ் ஆகிவிடுவதால் விளக்கு எரியாது. எல்இடி போச்சு என்று மாற்றுவார்கள், புதியதும் எரியாது. வெட்டியதும் இரு வாய்களையும் ஊசி அரத்தால் உள்ளும் வெளியும் மழுக்குங்கள். கம்பி கோத்தபின், எல்இடியை இணைக்குமுன், ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் கம்பியை உருவி எறியுங்கள். இரண்டு விளக்கு சேர்ந்து எரிந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று அர்த்தம்.

12 வோல்ட்டுக்கு 1 கே (1,000 ஓம்) ரெசிஸ்டர் போட்டால் எல்இடியில் 10 மில்லிஆம்பியர் ஓடும். சிக்னல் டார்ச் லைட் மாதிரி அடிக்கும். சிவப்பு, மஞ்சளுக்கு 4.7 கே போடுங்கள். பச்சை பொதுவாகக் கண்ணைக் கூசும், அதற்கு 10 கே. ஒரே ரெசிஸ்டரை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்; இரட்டை மஞ்சள் எரியும்போது இரண்டும் மங்கும். டிசிசி (டிஜிட்டல் முறையில் ரயிலை இயக்கும்) பாதையிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதும் வேண்டாம். அது முன்னும் பின்னும் மாறி மாறிப் பாயும். எல்இடி தாங்கும் எதிர்த்திசை மின்னழுத்தம் பொதுவாக 5 வோல்ட்தான். தனியாக ஒரு 12 வோல்ட் டிசி அடாப்டர் வைத்துவிடுங்கள்.

விளக்குப் பெட்டி பிளாஸ்டிக் என்றால் பின்பக்கம் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட். இல்லையென்றால் முதுகிலும் வெளிச்சம் கசியும்.

நடுவதற்குப் பலகையில் 12 மி.மீ. துளை போடுங்கள். கம்பத்தின் அடியில் 15 மி.மீ. சதுர பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தி, கான்கிரீட் அடித்தளம் போல சாம்பல் பூசுங்கள். கம்பிகளின் முனையில் நான்கு பின் கனெக்டர், 10 மி.மீ. சொச்ச அகலம்தான் என்பதால் துளை வழியே இறங்கும். தகட்டின் நான்கு மூலையிலும் இருபக்க டேப் பொட்டு, அவ்வளவே பிடிமானம். ரெசிஸ்டர்கள் பலகைக்கு அடியில், கனெக்டருக்கு அந்தப்பக்கம் இருக்கட்டும்.

ஜல்லி ஒட்டும் வேலையை முதலில் முடியுங்கள். ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால், கரைசல் கண்ட இடத்தில் எல்லாம் ஊறும். சிக்னல் துளைக்குள்ளும் இறங்கும். ஸ்பாஞ்சு துண்டால் துளையை அடைத்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு நாள் காயட்டும். சிக்னல் அதன் பிறகு.

தண்டவாளத்துக்கான மின்கம்பியை உட்பக்கம் சாலிடர் செய்தால் சக்கர விளிம்பு மோதும். வெளிப்பக்க அடியில் வையுங்கள், ஜல்லி மூடிக்கொள்ளும். மற்ற துளைகளை மறைக்க, நிஜப் பாதையோரம் நிற்கும் சிக்னல் கருவிப் பெட்டியான லொகேஷன் பாக்ஸ் இருக்கவே இருக்கிறது. 10 மி.மீ. அகல சாம்பல் பெட்டி ஒன்றைத் துளைமேல் நிறுத்தினால் கண்ணுக்கே தெரியாது. அடியில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சாண் தளர்வு விட்டு, இரு முனையிலும் சிக்னல் எண் எழுதிய டேப் சுற்றுங்கள்.