இருநிற ஹோஸ்டா: இலை பச்சைக்குத் திரும்பாமல் வளர்ப்பது எப்படி?

இலையழகுக்காகவே வளர்க்கும் ஹோஸ்டா, நிழல் விழும் மூலைக்கு அருமையான செடி. ஒரே நிபந்தனை, குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிரில் அது உறங்க வேண்டும். குளிரே வராத ஊரில் இதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

1. இடமும் ரகமும்

காலை இளவெயில், மதியம் நிழல். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, உச்சி வெயிலில் அதுதான் முதலில் கருகும். புதியவர்களுக்கு என் தேர்வு 'பேட்ரியட்': ஓரம் வெள்ளை, நடு பச்சை, சீக்கிரம் தூர் கட்டும். அதையே திருப்பிப் போட்ட 'ஃபயர் அண்ட் ஐஸ்' பார்க்க அழகு, வளர்ச்சி மந்தம். இலையில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் செடி எதை வைத்துச் சமைக்கும்?

2. நடவு

மண்ணில் இலைமக்கு கலந்து, குருத்து கிளம்பும் இடம் மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். தண்ணீர் வேரடியில். அவ்வளவுதான்.

3. பச்சைக் குருத்தை எடுப்பது

பலரும் தடுமாறும் இடம் இதுதான். வளர்நுனியில் பச்சையம் உண்டாக்கும் திசுவும் உண்டாக்காத திசுவும் அடுக்கடுக்காக இருப்பதால்தான் இரண்டு நிறம் வருகிறது. அந்த அடுக்கு குலைந்தால் முழுப்பச்சைக் குருத்து முளைக்கும். வெளிச்சத்தை அது நன்றாகப் பயன்படுத்துவதால் வேகமாக வளர்ந்து, மெல்ல மெல்லத் தூர் முழுவதையும் பிடித்துவிடும்.

இலையை மட்டும் கிள்ளினால் போதாது, அதே மொட்டு மறுபடி பச்சையாகவே துளிர்க்கும். வசந்தத்தில் இலைகள் முழுதாக விரியட்டும்; சில ரகங்களில் நிறம் தாமதமாகத்தான் தெளியும். அப்புறம் மண்ணை விரலால் விலக்கி, பச்சைக் குருத்து தூரோடு சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, வேரோடு அரிந்து எடுங்கள். இதற்குக் கத்தரி சரிப்படாது. ரொட்டி வெட்டும் பல்கத்திதான் சுலபம். வெட்டிய துண்டை வேறு இடத்தில் நட்டால் பச்சை ஹோஸ்டாவாக வளரும்.

விதை போட்டு இதே இலையை எதிர்பார்க்காதீர்கள். தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

4. கத்தியைக் கழுவுங்கள்

ஒவ்வொரு செடிக்கும் இடையில், தவறாமல். 1996-இல் கண்டறியப்பட்ட 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' சாறு வழியாகப் பரவும், மருந்து கிடையாது. நரம்பை ஒட்டி மை ஊறியதுபோல நிறம் கசிந்தால் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வைரஸ் தாக்கிய செடிகளைப் புது ரகம் என்று பெயர் வைத்து விற்ற காலமும் உண்டு. ஆகவே விநோதமான திட்டுகளைக் கண்டால் வாங்க அவசரப்படாதீர்கள்.

5. நத்தை

இலையில் ஓட்டை விழுந்தால் இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். நத்தையைக் கொல்ல நான் இரும்பு பாஸ்பேட் குருணைதான் தூவுவேன். மெட்டால்டிஹைடு என்ற இன்னொரு நத்தை மருந்து நாய்களுக்கு ஆபத்து.

பின்சேர்க்கை: நாய், பூனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹோஸ்டாவும் அவற்றுக்கு நஞ்சுதான்; தின்றால் வாந்தி, பேதி வரும். இலையை மெல்லும் பழக்கமுள்ள நாய் இருந்தால் வேலி போட்டுவிட்டு நடுங்கள்.