டரான்டுலா தொட்டிக்கு என்ன மண் போடலாம்?

டரான்டுலா என்னும் பெரிய சிலந்தியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தொட்டி, அலங்காரக் கட்டை, விளக்கு என்று வாங்கிக் குவித்துவிட்டு, அடியில் பரப்பும் மண்ணைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். விளக்கு இல்லாமல் சிலந்தி சுகமாக வாழும். தவறான மண்ணில் வாழாது. புதியவர்கள் பலரும் தேர்ந்தெடுக்கும் மெக்சிகோ செம்முழங்கால் டரான்டுலாவையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம், தரையில் வளை அமைத்து வாழும் இனம் இது.

முதல் படி: பொருளைத் தேர்ந்தெடுப்பது

எளிதானது தென்னைநார்க் கழிவுக் கட்டி, அதாவது கோகோ பீட். பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைகளிலிருந்து உலகமெங்கும் போகும் சரக்குதான். செடிகளுக்கென்று விற்பதில் உரம் கலந்திருக்கலாம். உறையைப் படித்துப் பார்த்து, எதுவும் கலக்காததை வாங்குங்கள். உப்பு நீக்கிக் கழுவியது என்று போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிடுங்கள்.

தோட்டத்து மண்ணை அள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூச்சிமருந்து பட்ட மண் எட்டுக்கால் பூச்சியையும் விட்டுவைக்காது. தேவதாரு, பைன் மரச்சீவல்களும் வேண்டாம். அவற்றின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்கள் சிலந்திக்குக் கேடு. கூழாங்கல்லில் வளை தோண்ட முடியாது. கூரான விளிம்புகள் மெல்லிய வயிற்றுத் தோலைக் கிழித்துவிடும்.

இரண்டாம் படி: ஈரம்

ஊறிய நாரை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தப் பதத்தில் தொட்டியில் போட்டு, அடுக்கடுக்காக அழுத்துங்கள். தளர்வாகக் கொட்டினால் வளை இடிந்து விழும். பிறகு மேற்பரப்பு நன்றாக உலரும்வரை சில நாள் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகே சிலந்தியை விடுவது. ஒரு மூலையில் தண்ணீர்த் தட்டு வைத்து, அதைச் சுற்றி மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும். தினமும் தெளித்தால் பூஞ்சணமும் உண்ணிகளும்தான் பெருகும். குடிவந்து பல நாளாகியும் சிலந்தி தரையில் கால் வைக்காமல் சுவரிலேயே தொங்கினால், முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

மூன்றாம் படி: ஆழம்

உயிர்போகும் தவறு நடப்பது இங்கேதான். தரைவாழ் டரான்டுலாவின் வயிறு கனமானது, தோலோ மெல்லியது. கண்ணாடியில் ஏறி, உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்து இறந்துவிடும். அதனால் மண் மட்டத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, சிலந்தியின் கால் விரிப்பைப் போல, அதாவது கால்களை விரித்தால் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிவரை உள்ள நீளத்தைப் போல, ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. கால் விரிப்பு 14 செ.மீ. என்றால் இடைவெளி 21 செ.மீ.க்குள். தொட்டி உயரமானதா? மண்ணைக் கூட்டுங்கள். மண் குறைந்தது 10 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், தோண்ட அது வேண்டும். கடைசியாக, ஒரு பக்கத்தில் விரலால் சரிவாகக் குழி போட்டு, மேலே மரப்பட்டைத் துண்டைச் சாய்த்து வையுங்கள்.

இந்த அளவெல்லாம் தரைவாழ் இனத்துக்கு மட்டுமே.

மண்ணை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, இரையின் மிச்சங்களை எடுத்துவிட்டாலே போதும். மாற்றும்போது கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். இந்தச் சிலந்தி உதறும் அரிப்பு முடிகள் பழைய மண்ணில் நிறையக் கலந்திருக்கும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.