நக்கிள்பால் வீசுவது எப்படி?
பேஸ்பாலில், அதிகம் சுழலாமல் அலைந்து செல்லும் வீச்சுதான் நக்கிள்பால். பெயரில் ‘நக்கிள்’, அதாவது விரல் முட்டி இருந்தாலும் பிடிப்பது நகத்தால்தான். ஆள்காட்டி, நடுவிரல் நகங்களைப் பந்தின் தையலுக்குச் சற்றுக் கீழே தோலில் ஊன்றுங்கள். கட்டைவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டில் தாங்கட்டும். உள்ளங்கை பந்தில் படக்கூடாது.

மணிக்கட்டைச் சொடுக்காமல் விறைப்பாக வைத்து, பந்தைத் தள்ளிவிடுங்கள். இரு விரல்களும் ஒரே நேரத்தில் விலக வேண்டும். ஒன்று பிந்தினால் பந்து சுழலும். சுழன்றால் அடிப்பவருக்கு விருந்துதான்.

அதற்காக அறவே சுழலாமலும் இருக்கக்கூடாது. வீசுமிடத்திலிருந்து அடிப்பவர் வரையிலான 18.44 மீட்டரில் ஓரிரு சுற்றுக்குள் இருந்தால், தையல் மெல்ல இடம் மாறி, காற்று பந்தை அங்குமிங்கும் அலைக்கும். மணிக்கு 105–120 கி.மீ. வேகம் போதும். அமெரிக்க வீச்சாளர் ஆர்.ஏ. டிக்கி இன்னும் வேகமாக வீசியே 2012இல் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார், அது விதிவிலக்கு.

நகம் உடைந்தால் அன்று வீசாதீர்கள். பந்து அலைவதால், அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிப்பவருக்குப் பெரிய கையுறை கொடுங்கள்.