குடும்ப வரலாற்றை எங்கே தேடுவது: பூன் குடும்பம் காட்டும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த நம்மில் பலருக்குத் தாத்தாவுக்கு முந்தைய தலைமுறையின் பெயர்கூடத் தெரியாது. தேடத் தொடங்குகிறவர்களும் வீட்டுத் தகரப்பெட்டியைக் கிளறுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் குடும்பத்தைப் பற்றிய உறுதியான செய்தி பெரும்பாலும் அது சார்ந்திருந்த அமைப்பின் ஏட்டில்தான் கிடக்கும். அமெரிக்காவின் பூன் குடும்பமே இதற்குச் சான்று.

இங்கிலாந்தின் டெவன் பகுதி நெசவாளரான ஜார்ஜ் பூன், மூத்த பிள்ளைகள் மூவரை முன்கூட்டி அனுப்பிவிட்டு, 1717இல் மற்றவர்களுடன் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் குவேக்கர்கள், திருமணத்தையும் இடமாற்றத்தையும் ஒழுங்கு மீறலையும் மாதக் கூட்டத்தில் பேசிப் பதிந்துவைக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆகவே, முதலில் மனக்கசப்பு நேர்ந்த இடத்தைத் தேடுங்கள்; அங்கேதான் எழுத்து மிகுதியாக இருக்கும். ஜார்ஜின் மகன் ஸ்குவையர், தம் மகள் சாரா 1742இல் சபைக்கு வெளியே மணந்தபோது கூட்டத்தாரிடம் வருத்தம் தெரிவித்தார். 1747இல் மகன் இஸ்ரேலும் அவ்வாறே மணந்தபோது மகன் பக்கமே நின்றார், 1748இல் விலக்கப்பட்டார். 1750இல் குடும்பம் வட கரோலினாவை நோக்கிப் புறப்பட்டது. பின்னாளில் கென்டக்கிக்குப் பாதை திறந்து புகழ்பெற்ற டேனியல் பூன், ஸ்குவையரின் இன்னொரு மகன், அப்போது 15 வயதுச் சிறுவன்.

தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். டேனியல் பிறந்த நாள் 1734 அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் காணப்படும்; இரண்டும் ஒரே நாள்தான், ஏனெனில் 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள்கள் விடப்பட்டன. அதற்கு முந்தைய குவேக்கர் ஏட்டில் முதல் மாதம் மார்ச். எட்டாம் மாதம் என்றால் அக்டோபர். எனவே பாட்டி "ஐப்பசி அடைமழையில் பிறந்தவன்" என்று சொன்னால் அதை அப்படியே எழுதி, பிறப்புப் பத்திரத் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். ஒன்றை நம்பி மற்றதை அடித்துவிடாதீர்கள்.

நமக்குரிய ஏடுகள் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரிப்பண நோட்டு ஆகியவை. கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், பெயரை எழுத்துக்கூட்டித் தேடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் கோயில் நோட்டில் "முனியன், மேட்டு லயம், இரண்டு வெள்ளி" என்ற ஒரு வரியில்தான் என் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். கோயில் திருப்பணி தொடங்கும் முன்பே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள். அலமாரியை ஒழிக்கும்போது பழைய நோட்டுகள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.